வர்க்க எண்களும் ஒரு கதவிலக்கமும்



பெங்களூரில் அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தொலைவில், வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு சிறு தெருவில் நான் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். மாலையில் வீடு திரும்பினால் என் மகளின் கணக்குப் புத்தகம் எனக்காகக் காத்திருக்கும். அண்மையில் ஒருநாள் அவள் காட்டிய கணக்கு இது: 1, 4, 9, அடுத்து ஒரு வெற்றிடம், அதன்பின் 25, 36. விடுபட்ட எண் யாது?

பதினாறு என்றேன். அவளுக்கு அது போதவில்லை. “பதினாறு என்று எனக்கும் தெரியும், அப்பா. பதினாறாகத்தான் இருக்கவேண்டும் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டாள். கலைப் பட்டம் பெற்றவனிடம் கேட்கத் தகாத கேள்வி! ஆயினும் அக்கேள்வியே என்னைச் சில நூல்களைத் தேடிப் படிக்க வைத்தது. அப்படிப் படித்ததில் ஒரு பகுதியைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் வரும் மனிதருள் ஒருவர், நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்நகரில் தங்கி வாழ்ந்தவர்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதைத் தமிழில் வர்க்கம் என்கிறோம். என் மகளின் கன்னட ஆசிரியை அதனை ‘வர்க சங்க்யே’ என்கிறார். இரண்டும் வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல். அதற்கு நேரான பொருளைத் தரும் வேறொரு சொல்லும் நம்மிடம் வழக்கில் இருந்தது, அதுதான் குழி. நீளமும் அகலமும் பன்னிரண்டு கோல் உள்ள நிலம் 144 குழி. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியோடு குழிமாற்று என்னும் வாய்பாட்டையும் மனனம் செய்தார்கள். நிலத்தை அளப்பவனுக்கும், வரி விதிப்பவனுக்கும், வரி கொடுப்பவனுக்கும் வர்க்கம் என்பது வயல் வரப்பில் கிடந்த பொருள். பாட்டன் காலத்துப் பிள்ளைகள் வர்க்க எண்களை நம் பிள்ளைகளைவிட விரைவாக ஒப்பித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி என் மகளின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை சொன்ன ஒருவர் ஏறக்குறைய 1,150 ஆண்டுகளுக்கு முன் இதே கன்னட நாட்டில் வாழ்ந்தார். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சிக் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மகாவீராசாரியர் என்னும் சமண அறிஞர் ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலை வடமொழியில் இயற்றினார். அம்மன்னனின் தலைநகரான மானியகேடம் இன்று கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்னும் ஊராக இருக்கிறது. வர்க்கம் காண அந்நூல் கூறும் வழிகளுள் ஒன்று மிகவும் அழகானது. ஒன்றில் தொடங்கி இரண்டிரண்டாகக் கூடிச் செல்லும் எண்களை எடுத்துக்கொள்க. எந்த எண்ணின் வர்க்கம் வேண்டுமோ அத்தனை எண்களைக் கூட்டுக. ஒன்று, ஒன்றும் மூன்றும் நான்கு, அதனோடு ஐந்து சேர ஒன்பது, ஏழு சேரப் பதினாறு, ஒன்பது சேர இருபத்தைந்து. வெற்றிடத்தின் இரு புறமும் இந்த விதி தவறாது நிற்பதால், அங்கே பதினாறைத் தவிர வேறொன்றும் பொருந்தாது. எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதையும், அது இயல்பிலேயே வர்க்கம் ஆகாது என்று காரணங்காட்டி அதே நூல் சொல்லிவிடுகிறது.

விதி தெரிந்தால் விடுபட்டது தெரியும். விதி தெரியாதபோது இடுவதெல்லாம் ஊகம். இதை என் மகளிடம் சொன்னேன். அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் எனக்கு ஆவல் அடங்கவில்லை.

மகாவீரரின் நூலை அச்சேற்றி ஆங்கில மொழிபெயர்ப்புடன் உலகுக்கு அளித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராயிருந்த மு. ரங்காசாரியார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. செய்யுளில் மறைந்திருக்கும் கணக்கைப் பிழையின்றி வேற்று மொழியில் தருவது எளிய காரியமன்று. அந்நூல் 1912ஆம் ஆண்டு சென்னை அரசாங்க அச்சகத்தில் வெளியாயிற்று. அதே 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், அதே சென்னையில், துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலையில் அமர்ந்தார். அவர்தான் சீனிவாச இராமானுஜன்.

இங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது. ‘இராமானுஜன் அந்நூலைப் படித்தார், நம் முன்னோரின் கணிதம் அவர் வழியே மீண்டும் மலர்ந்தது’ என்று இட்டு நிரப்பிவிட எவர்க்கும் ஆசை எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் ஓர் ஊரில் ஓராண்டில் இருவர் இருந்தார்கள் என்பது ஒருவரை மற்றவர் அறிந்தார் என்பதற்குச் சான்று ஆகாது. இராமானுஜனின் இளமையை உருவாக்கிய நூல் என்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது, கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்த, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த சூத்திரத் திரட்டு ஒன்றே. ஆகவே அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டுவிட்டு மேலே செல்வோம்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறிய இராமானுஜன், ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து கேம்பிரிட்ஜில் திரினிட்டி கல்லூரியைச் சேர்ந்தார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. அதே நகரில் மன்னர் கல்லூரியில் கல்கத்தாவைச் சேர்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில், 1931இல், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. ஒரு ஞாயிற்றுக்கிழமை இராமானுஜன் அவரைத் தம் அறைக்கு உணவுக்கு அழைத்திருந்தார். சைவ உணவில் உறுதியாக நின்ற இராமானுஜன் தாமே சமைப்பது வழக்கம். அவர் அடுப்பின் மேல் வாணலியில் எதையோ கிளறிக்கொண்டிருக்க, விருந்தாளி மேசையருகே அமர்ந்து ‘ஸ்டிராண்டு’ என்னும் மாத இதழைப் புரட்டினார். அதில் ஒரு புதிர் இருந்தது. மகலனோபிஸ் சில நிமிடங்களில் எண்களை இட்டுப் பார்த்து விடை கண்டு, அடுப்பருகே நின்றவரிடம் புதிரைப் படித்துக் காட்டினார். இராமானுஜன் கிளறுவதை நிறுத்தவில்லை. விடையை எழுதிக்கொள்ளுமாறு சொல்லி ஒரு தொடர் பின்னத்தை ஒப்பித்தார். அது அந்தப் புதிருக்கு மட்டும் விடையன்று. அதைப் போன்ற எல்லாப் புதிர்களுக்கும் விடை. எவ்வாறு கண்டீர் என்று கேட்டதற்கு, கேட்டவுடன் விடை ஒரு தொடர் பின்னம் என்று விளங்கியது, எந்தத் தொடர் பின்னம் என்று எண்ணினேன், அதுவும் மனத்தில் வந்தது என்னும் பொருள்பட மறுமொழி கூறினாராம்.

புதிர் இதுதான். ஒரு நீண்ட தெருவில் ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம் இட்டிருக்கிறார்கள். அத்தெருவில் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்கு இடப்புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும், வலப்புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். அவர் கதவிலக்கம் என்ன?

சிறிய தெருவில் தொடங்கிப் பாருங்கள். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீட்டுக்காரர் அத்தகையவர். ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. இதில் ஒரு மறைபொருள் உண்டு. முழுத் தெருவின் இலக்கங்களையும் கூட்டினால் 36 வருகிறது. அது ஆறின் வர்க்கம்! இது தற்செயலன்று. ஆறுக்குக் கீழுள்ள ஐந்து இலக்கங்களின் தொகை, ஆறை ஐந்தால் பெருக்கியதில் பாதி. வலப்புறமும் அதே தொகை. இரண்டும் சேர ஆறைந்து முப்பது. நடுவிலுள்ள ஆறும் சேர்ந்தால் ஆறாறு முப்பத்தாறு. எந்தத் தெருவானாலும் இந்நிலையில் நிற்கும் வீட்டின் இலக்கம், தெரு முழுவதன் தொகைக்கு வர்க்கமூலமாகவே இருக்கும்.

எட்டுக்கு அடுத்து இப்படி அமையும் தெரு 49 வீடுகள் கொண்டது, கதவிலக்கம் 35. அதற்கடுத்தது 288 வீடுகள் கொண்டது, கதவிலக்கம் 204. இதுவே இதழ் கேட்ட விடை. இடப்புறம் 203 வீடுகள், வலப்புறம் 84 வீடுகள். இருபுறத் தொகையும் 20,706. புதிர் அமைத்தவர் ஐம்பது, ஐந்நூறு என்று ஏன் வேலியிட்டார் என்பதும் இப்போது விளங்கும். 49 வீட்டுத் தெரு ஓர் எண் வேறுபாட்டில் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. அடுத்த தெருவுக்கு 1,681 வீடுகள் வேண்டும், அதுவும் வெளியே.

வேலிகளை நீக்கிவிட்டால் கதவிலக்கங்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன: 1, 6, 35, 204, 1189. என் மகளின் புத்தகத்தில் இவ்வரிசை வந்து நடுவில் ஓர் எண் விடுபட்டிருந்தால் என்ன செய்வது? அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைப் பார்த்தால் 5, 29, 169 என்று தாறுமாறாக வளர்கிறது. வர்க்க வரிசையில் உதவிய வழி இங்கே உதவாது. விதி வேறு. ஓர் எண்ணை ஆறால் பெருக்கி அதற்கு முந்தியதைக் கழித்தால் அடுத்த எண் வரும். ஆறாறு முப்பத்தாறில் ஒன்று போக 35. முப்பத்தைந்தை ஆறால் பெருக்கி ஆறைக் கழிக்க 204. தொடர் பின்னம் என்பதும் இங்கே இதே செய்திதான். ஆறிலிருந்து, ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் ஆறில் முப்பத்தைந்து பங்கு; ஆறிலிருந்து அதன் தலைகீழ்ப் பின்னத்தைக் கழித்தால் முப்பத்தைந்தில் 204 பங்கு. பின்னத்தின் மேலும் கீழுமாகக் கதவிலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. மகலனோபிஸ் ஒரு வீட்டைக் கண்டார். இராமானுஜன் முடிவில்லாத தெருக்களையெல்லாம் ஒருங்கே கண்டார்.

இவ்வகைக் கணக்கு நம் நாட்டுக்குப் புதிதன்று. தெருவின் வீட்டுத் தொகையை இரட்டித்து ஒன்று கூட்டி வர்க்கம் எடுங்கள். அது, கதவிலக்கத்தின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி ஒன்று கூட்டியதற்குச் சமமாக இருக்கும். ஒரு வர்க்கத்தைக் குறித்த எண்ணால் பெருக்கி ஒன்று கூட்டினால் மீண்டும் வர்க்கமே வரவேண்டும் என்னும் இத்தகைய கணக்குக்கு வர்க்கப் பிரகிருதி என்று பெயர். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் ‘பிரம்மஸ்புட சித்தாந்த’த்தில், ஒரு விடையிலிருந்து அடுத்த விடையைப் பிறப்பிக்கும் பாவனை என்னும் முறையைத் தந்தார். மூன்றும் ஒன்றும் என்ற இணையை விதையாகக் கொண்டால் 17, 6 என்ற இணை பிறக்கிறது. பிறகு 99, 35. பிறகு 577, 204. ஒவ்வோர் இணையிலும் இரண்டாவது எண் நம் கதவிலக்கம்.

1150இல் இரண்டாம் பாஸ்கரர் ‘பீஜகணித’த்தில் சக்ரவாளம் என்னும் சுழல்முறையால் இதனை மேலும் வளர்த்தார். எட்டுக்குப் பதில் 61ஐ வைத்துக் கணக்கிட்டு, 22,61,53,980 என்ற சிறிய எண்ணையும் 176,63,19,049 என்ற பெரிய எண்ணையும் விடையாகக் கண்டார். இதைவிடச் சிறிய விடை அதற்குக் கிடையாது! ஐரோப்பாவில் இதே 61ஐ ஃபெர்மா சவாலாக விடுத்தது 1657இல். பாஸ்கரரின் ஊரான விஜ்ஜடவிடம் இன்றைய விஜயபுரம் என்று கர்நாடகத்தாரும், தங்கள் பகுதியில் உள்ளது என்று மராட்டியரும் உரிமை கொண்டாடுகிறார்கள். அவ்வழக்கில் நாம் புக வேண்டியதில்லை.

இன்னும் பழையதொன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. வேள்விக் குண்டம் அமைக்கும் அளவுகளைக் கூறும் போதாயன சுல்ப சூத்திரம், ஒரு சதுரத்தின் பக்கத்தைக் கொண்டு அதன் மூலைவிட்டத்தை அளக்க ஒரு வாய்பாடு தருகிறது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றையும், அந்த மூன்றில் ஒன்றில் நான்கில் ஒன்றையும் கூட்டி, இறுதியாகச் சேர்த்ததில் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 408இல் 577 பங்கு என்று வரும். 577 நமக்குத் தெரிந்த எண். 408 என்பது 204இன் இரட்டிப்பு. இதை என் மகள்தான் முதலில் கண்டாள்.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைக் கூற வேண்டும். அடுப்படியில் இருவருக்கிடையே நடந்த உரையாடல் அது. இராமானுஜன் 1920இல் மறைந்தார். மகலனோபிஸ் நினைவில் மட்டும் அது தங்கியிருந்தது. அதை ஏட்டில் ஏற்றியவர் நம் நகரத்துக்காரர் என்று நான் முன்பே சொன்ன பெரியவர், சீர்காழி இராமாமிருத ரங்கநாதன்.

நூலகத் துறையின் தந்தை என்று உலகம் போற்றும் ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1892இல் அக்காலத் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்று, மங்களூர், கோவை, சென்னைக் கல்லூரிகளில் அதையே கற்பித்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்தின் ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். 1957இல் பெங்களூரை உறைவிடமாகக் கொண்டார். 1962இல் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இந்நகரில் தொடங்கினார். முன்பு மல்லேசுவரத்தில் இயங்கிய அம்மையம் பின்னர் மைசூர்ச் சாலையிலுள்ள நிறுவன வளாகத்துக்குச் சென்றது.

இராமானுஜனை நேரில் அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவந்த காலம் அது. ரங்கநாதன் அவர்களுடைய நினைவுகளைத் திரட்டினார். 1967இல் ‘இராமானுஜன்: மனிதரும் கணிதரும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக அவற்றை வெளியிட்டார். வாணலியும் தொடர் பின்னமும் அந்நூலில் மகலனோபிஸின் வாய்மொழியாக உள்ளன. 1972ஆம் ஆண்டு ஜூனில் மகலனோபிஸும், செப்டம்பரில் பெங்களூரில் ரங்கநாதனும் காலமானார்கள். ஐந்தாண்டு தாமதித்திருந்தால் வரிசையில் அந்த எண் விடுபட்டே போயிருக்கும்.

ஒரு சிறு குறிப்பையும் சேர்த்தாக வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்த மகலனோபிஸ், புதிரின் விவரம் மறந்துவிட்டது என்று நேர்மையாகவே கூறிவிட்டு, பாரிசில் ஒரு நீண்ட தெருவில் இரு வீடுகளில் தங்கவைக்கப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பற்றியது அது என்று சொன்னார். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய இதழ்களைப் புரட்டினார்கள். 1914 டிசம்பர் இதழில், டியூடனி என்னும் புதிர் வல்லுநர் எழுதிய பகுதியில் புதிர் கிடைத்தது. பாரிசும் இல்லை, இரண்டு அதிகாரிகளும் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மானியப் படை தீயிட்ட பெல்ஜிய நகரம் லூவெய்னும், அங்கே வாழ்ந்த ஒருவருமே இருந்தனர். போர்க்காலம் என்பது மட்டும் நினைவில் நின்று, ஊர் மாறிவிட்டது. அத்தீயில் லூவெய்ன் பல்கலைக்கழக நூலகமும் சாம்பலாயிற்று. அச்செய்தியைச் சுமந்து வந்த புதிரின் கதையை ஒரு நூலகர் காத்துத் தந்திருக்கிறார்.

இவ்வளவையும் கேட்ட என் மகள் உடனே தெருவில் இறங்கி, எங்கள் தெருவில் நடுநிலை நிற்கும் வீடு எது என்று எண்ணத் தொடங்கினாள். பெங்களூரின் கதவிலக்கங்களை அறிந்த நேயர்கள் சிரிப்பீர்கள். 14க்கு அடுத்தது 14/1, பிறகு 14/அ, பிறகு திடீரென்று 17. சில சுவர்களில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. அரைமணியில் திரும்பி வந்து, தாளில் ஆறால் பெருக்கி முந்தியதைக் கழித்து, 1189க்கு அடுத்த கதவிலக்கம் 6930 என்று கண்டு சொன்னாள். அதற்கு ஒரே பக்கத்தில் 9,800 வீடுகள் உள்ள தெரு வேண்டும். அப்படியொரு தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.